யானை கேட்ட நிறம், புனிதவதி கேட்ட உரு

தாராசுரத்தின் தலபுராணம் நிறம் போய்த் திரும்பிய கதை. இந்திரனின் வெள்ளை யானையான ஐராவதம் துர்வாசரின் சாபத்தால் வெண்மையை இழந்தது. இங்கே வந்து வழிபட்டு அதை மீட்டுக்கொண்டது. சுவாமிக்கு ஐராவதேசுவரர் என்று பெயர் வந்தது அதனால்தான். எமனுக்கும் இந்தக் கோயிலில் பங்குண்டு. முனிவரின் சாபத்தால் உடம்பெல்லாம் எரிச்சலோடு திரிந்தவன் இந்தக் குளத்தில் மூழ்கித்தான் ஆறினானாம். குளத்துக்கு எமதீர்த்தம் என்று பெயர். இரண்டு கதையிலும் உடம்புக்கு ஒரு குறை வருகிறது, குறை நீங்குகிறது, எல்லாம் பழையபடி ஆகிறது.

கோயிலை விட்டு வெளியே வந்தால் தாராசுரம் பட்டு நெசவு ஊர். தறிச் சத்தம் கேட்கும் சௌராஷ்டிரர் வீடுகள், கல்யாணச் சேலைக்கு வந்து இறங்கும் குடும்பங்கள். கல்யாணப் பெண்ணின் தோளில் முந்தானையைப் போட்டுப் பார்க்கும்போது யாராவது ஒருவர் சொல்லியே தீருவார்: “இந்தக் கலர் பாப்பாவுக்கு எடுக்காது, கொஞ்சம் லைட்டாப் பாருங்க.” சொல்பவருக்குப் பகை ஒன்றும் கிடையாது, பெரும்பாலும் அத்தையாகவோ சித்தியாகவோதான் இருப்பார். “கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா” என்று அவரே அடுத்த வாக்கியத்தில் பாராட்டவும் செய்வார். ‘இருந்தாலும்’ என்றதிலேயே விஷயம் முடிந்துவிட்டது. குண்டாக இருந்தால் ‘பூசினாப்ல’, ஒல்லியாக இருந்தால் ‘ஒட்டடைக்குச்சி’, உயரமாக இருந்தால் ‘நெட்டைக் கொக்கு’ என்று பத்து வயதிலிருந்தே ஒவ்வொரு உடம்புக்கும் ஒரு பெயர் ஒட்டிக்கொள்கிறது. பையன்களும் தப்புவதில்லை. அவர்களுக்கு ஒட்டும் பெயர்களை அவர்கள் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

பதின்வயதினருக்காக எழுதப்படும் கதைகளில் உடம்பைப் பற்றிய கூச்சமும் அதிலிருந்து மீள்வதும் உலகெங்கும் ஒரு தனி வகையாகவே வளர்ந்திருக்கின்றன. தமிழில் அதற்கு என்ன இருக்கிறது என்று தேடினால் கையில் அதிகம் சிக்காது. ஆனால் ‘இளையோர் நாவல்’ என்ற சீட்டு ஒட்டிய புத்தகங்களில் மட்டும் தேடுவானேன்? இந்தக் கோயில் சுவரிலேயே ஓர் இளம்பெண்ணின் கதை இருக்கிறது. யானையின் கதைக்கு நேர் எதிர்த் திசையில் போகிற கதை அது.

கோயிலைக் கட்டியவன் இரண்டாம் இராசராசன். அவன் ஆட்சிக்காலம் 1146 முதல் 1173 வரை என்று கணக்கிடுகிறார்கள். அவனுடைய தந்தை இரண்டாம் குலோத்துங்கனிடம் அமைச்சராக இருந்தவர் சேக்கிழார். பெரிய புராணம் அரங்கேறிய அடுத்த தலைமுறைக்குள்ளேயே அதன் அடியார்களெல்லாம் தாராசுரத்துக் கல்லில் ஏறிவிட்டார்கள். கருவறை விமானத்தின் அடிப்பகுதியில், தேவகோட்டங்களுக்குக் கீழே, பட்டையாக ஓடுகின்றன அந்தச் சிறிய சிற்பங்கள். பலவற்றோடு அடியார் பெயரும் வெட்டியிருக்கிறது. 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு கூட்டம் கூடியிருக்கிறது என்றாலும், கூட்டம் நிற்பது குதிரை இழுக்கும் தேர்மண்டபத்திலும், ஒரே தலையை யானையும் காளையும் பங்கிட்டுக்கொள்ளும் சிற்பத்தின் முன்னாலும்தான். வழிகாட்டி ஒரு பாதியைக் கையால் மறைத்தால் யானை, மறுபாதியை மறைத்தால் காளை. எல்லாரும் கைதட்டுகிறார்கள். அறுபத்துமூவரைப் பார்க்க வேண்டுமானால் குனிய வேண்டும், நேரம் வேண்டும். படிக்காத பாடப்புத்தகம்போல அவர்கள் பாட்டுக்கு இருக்கிறார்கள்.

அந்த வரிசையில் ஒருவர் காரைக்கால் அம்மையார். காரைக்கால் இங்கிருந்து அறுபது கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. ஆனி மாதம் அங்கே மாங்கனித் திருவிழா நடக்கும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் வீசுவார்கள். மாம்பழம் எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பின்னால் நடந்ததைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

சேக்கிழார் சொல்கிறபடி, தனதத்தன் என்ற வணிகனின் ஒரே மகள் புனிதவதி. வளர வளர அழகும் வளர்கிறது. நாகப்பட்டினத்து வணிகர் குடும்பத்துப் பரமதத்தனுக்கு அவளைக் கொடுத்து, ஊரிலேயே வீடும் வைத்துக் கொடுக்கிறார்கள். ஒருநாள் கணவன் இரண்டு மாம்பழங்களை வீட்டுக்கு அனுப்புகிறான். பசியோடு வந்த சிவனடியாருக்கு அவள் ஒன்றைப் பரிமாறிவிடுகிறாள். சாப்பாட்டில் மற்றொன்றைத் தின்ற கணவன், ருசியாக இருக்கிறதே என்று இன்னொன்றும் கேட்கிறான். உள்ளே போய் இறைவனை வேண்டியவளின் கையில் ஒரு மாங்கனி வருகிறது. அதன் சுவையே வேறு. எங்கிருந்து வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட கணவன் நம்பாமல், இன்னொன்று வரவழைத்துக் காட்டு என்கிறான். அதுவும் வருகிறது, அவன் கையில் பட்டதும் மறைகிறது. இவள் பெண்ணல்ல, தெய்வம் என்று மிரண்டவன் வாணிபத்துக்குப் போவதாகச் சொல்லிக் கப்பலேறி, பாண்டிநாட்டில் இறங்கி, வேறொருத்தியைக் கட்டிக்கொள்கிறான். பிறந்த பெண்குழந்தைக்குப் புனிதவதி என்று பெயரும் வைக்கிறான்.

செய்தி எட்டியதும் சுற்றத்தார் முதல் மனைவியைச் சிவிகையில் ஏற்றி அவன் ஊருக்குக் கொண்டுபோகிறார்கள். அவன் இரண்டாம் மனைவியோடும் குழந்தையோடும் எதிரே வந்து அவள் காலில் விழுகிறான். கணவன் மனைவி காலில் விழுவதாவது என்று உறவினர் பதறுகிறார்கள். இவர் மானுடப் பெண் இல்லை, நீங்களும் வணங்குங்கள் என்கிறான் அவன். புனிதவதி அந்த நிமிடத்தில் ஒரு முடிவு எடுக்கிறாள். இந்த அழகையும் சதையையும் தான் சுமந்தது இவனுக்காக. இவனுக்கு வேண்டாமென்றால் எனக்கு எதற்கு? கழித்துவிட்டு, சிவனைச் சூழ நிற்கும் பேய்களின் உருவைத் தா என்று வேண்டுகிறாள். எலும்பும் தோலுமாக நிற்கிறாள். கூடியிருந்த உறவினர் அஞ்சி, வணங்கி, விலகிப் போகிறார்கள். கயிலைக்குத் தலையால் நடந்து போகும் அவளை இறைவன் அம்மையே என்று அழைத்தான் என்கிறது புராணம்.

இன்றைய வாசகர் ஒருவருக்கு இது உடனே உறுத்தும். கணவன் கைவிட்டதால் உடம்பை வெறுத்தவளா தன்னை ஏற்றுக்கொண்டவள்? நியாயமான கேள்வி. இந்தக் கதை ஒரே அடுக்கு உடையதாக இருந்தால் இதோடு மூடிவிடலாம்.

ஆனால் அம்மையார் சேக்கிழாருக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவர். அவர் பாடியவை நம் கையில் இருக்கின்றன: அற்புதத் திருவந்தாதி, திருவிரட்டை மணிமாலை, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு. இவற்றில் மாம்பழம் இல்லை. பரமதத்தன் இல்லை. ஒரு காலத்தில் அழகாக இருந்தேன் என்ற ஏக்கம் எங்கும் இல்லை. ஆலங்காட்டுச் சுடுகாட்டில் திரியும் ஒரு பெண்பேயின் உடம்பு இருக்கிறது. வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த கண், நீண்ட பல், ஒட்டிய வயிறு என்று பெண்ணழகைப் பாடும் புலவர்கள் உறுப்பு உறுப்பாக வருணிக்கும் அதே வரிசையில், அதே கவனத்தோடு. பதிக முடிவில் தன்னைக் காரைக்கால் பேய் என்று சொல்லிக் கையெழுத்துப் போடுகிறார். இப்படி ஆனதற்கு ஒரு காரணமும் சொல்லவில்லை. வருத்தமும் சொல்லவில்லை. ஒரு பெண் இப்படி இருப்பதற்குக் கணவன் ஒருவன் காரணமாக இருந்திருக்க வேண்டும் என்ற தேவை, என் கணிப்பில், பின்னால் வந்தவர்களுக்குத்தான் இருந்தது. சேக்கிழாரின் காப்பிய மனம் முதலில் அவளை அழகாக்கிப் பார்த்த பிறகே அழகைக் கழிக்க முடிந்தது.

இதே சோழ அரசவையில் பேய்களுக்கு வேறொரு வாழ்வும் இருந்தது. இரண்டாம் இராசராசன் காலத்திலேயே ஒட்டக்கூத்தர் தக்கயாகப்பரணி பாடினார். பரணியில் பேய்கள் வந்தாலே பசி, கூழ், கூத்து, கேலி. அவற்றின் கோர உடம்பு சிரிப்பதற்குரியது. சிரிப்பூட்டும் பேயும் வணங்கவைக்கும் பேயும் ஒரே காலத்தில், ஒரே அரசனின் நிழலில் இருந்திருக்கின்றன. உருவத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. பேசுகிற வாய் யாருடையது என்பதில்தான் வேறுபாடு. வகுப்பறையில் ‘குண்டு’ என்று மற்றவன் கூப்பிடுவதற்கும், ஒருத்தி தன் கதையைத் தானே எழுதி ‘நான் குண்டு’ என்று தொடங்குவதற்கும் நடுவில் இருக்கும் தூரம் அது.

சிற்பிகள் இதைப் புரிந்துகொண்டிருந்தார்கள் என்றே தோன்றுகிறது. கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடும் சிவனின் அடியில் அம்மையார் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த செப்புச் சிலை ஒன்று இருக்கிறது. விலா எலும்பு தெரிகிறது, மார்பு தொங்குகிறது, முகத்தில் தாளத்தில் லயித்த மகிழ்ச்சி. சோழச் செப்புத் திருமேனி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது இடை ஒசித்து நிற்கும் உமையவள். அந்த இடையை வார்த்த அதே பட்டறை மரபு இந்த எலும்பையும் கை நடுங்காமல் வார்த்திருக்கிறது. கோயில்களில் அறுபத்துமூவர் வரிசையில் மற்றவர்கள் நிற்க, அம்மையார் மட்டும் உட்கார்ந்திருப்பார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முதலில் அடையாளம் கண்டுகொள்வதும் அவரைத்தான்.

அழகைக் கழித்துக்கொள்ள விரும்பிய பெண் தமிழில் அவர் ஒருவர்தானா? ஔவையின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பேச்சு வந்தபோது பிள்ளையாரிடம் முதுமையைக் கேட்டு வாங்கிக்கொண்டவள் என்று சொல்கிறார்கள். காவிரி கடலில் கலக்கும் புகாரில் பிறந்த மணிமேகலையும் அப்படித்தான். மாதவியின் மகள் என்பதாலேயே ஊர் முழுக்க அவள் உடம்பைப் பற்றிப் பேசுகிறது. இளவரசன் உதயகுமரன் விடாமல் துரத்துகிறான். அவள் மந்திரத்தால் காயசண்டிகை என்ற வேறொருத்தியின் உருவை எடுத்துக்கொண்டு திரிகிறாள். பிறகு வஞ்சியில் சமயவாதிகளிடம் கேட்டறியப் போகும்போது ஆண் துறவியின் உரு. மூன்று இளம்பெண்கள், மூன்று உருமாற்றம், மூன்றும் அழகை விட்டு விலகுகிற திசையில். ஐராவதம் கேட்டது வேறு: நான் முன்போல் தெரிய வேண்டும். கூன்பாண்டியனுக்குச் சம்பந்தரால் கூன் நிமிர்ந்ததும், திருநீலகண்டரும் மனைவியும் தில்லைக் குளத்தில் மூழ்கி இளமையோடு எழுந்ததும் யானையின் கட்சி. இந்தப் பெண்கள் கேட்டதோ, யாரும் என்னை அப்படிப் பார்க்காத இடம்.

பழைய கதைகள் நோயை எங்கே கண்டன என்பது இதில் தெரிகிறது. குறை உடம்பில் இல்லை, பார்வையில் இருக்கிறது என்று அவை கண்டுகொண்டுவிட்டன. ஆனால் பார்வையை மாற்ற அவற்றுக்கு வழி தெரியவில்லை, உடம்பை மாற்றத்தான் தெரிந்தது. அதற்கும் பிள்ளையாரோ மந்திரமோ சிவனோ தேவைப்பட்டது. பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண்ணுக்குக் காயசண்டிகை உருவம் கிடைக்காது. திங்கட்கிழமை காலை அதே உடம்போடுதான் பேருந்தில் ஏற வேண்டும்.

அங்கேதான் நவீனக் கதை தொடங்குகிறது. தமிழில் அதன் உச்சம், இளையோருக்கு என்று எழுதப்படாத ஒரு சிறுகதை: அம்பையின் ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’. 1971இல் வெளிவந்து, 1976இல் ‘சிறகுகள் முறியும்’ தொகுப்பில் சேர்ந்தது. அம்பை எழுதத் தொடங்கியதே சிறார் வாசகர்களுக்காகத்தான். பதினாறு வயதில் அவர் எழுதிய ‘நந்திமலைச் சாரலிலே’ என்ற சிறுவர் நாவலுக்குக் ‘கண்ணன்’ இதழின் பரிசு கிடைத்தது. அந்தத் துப்பறியும் நாவலை எழுதிய கைதான் பின்னால் இந்தச் சிறுகதையையும் எழுதியது.

கதை சொல்பவள் பதின்மூன்று வயதுப் பெண், கறுப்பு. அம்மா சிவப்பு. அந்தப் பெண்ணுக்கு அம்மாதான் எல்லாம். எண்ணெய் தேய்த்துவிடும் கை, நெருப்பின் முன் ஒளிரும் முகம். தான் ஏன் கறுப்பு என்ற அவளது கவலையைச் செல்லமாகத் துடைத்துவிடுவதும் அம்மாதான். அந்த அம்மா, உறவில் ஒரு பெண்ணைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று ஊருக்குப் போயிருக்கும்போது, இவள் வயதுக்கு வந்துவிடுகிறாள். ஒன்றும் புரியாத பயம். சுற்றியிருப்பவர்கள் சடங்காகவும் ரகசியமாகவும் நடந்துகொள்கிறார்கள். அம்மா வந்தால் விளக்குவாள், தொடுவாள், எல்லாம் சரியாகும் என்று காத்திருக்கிறாள். அங்கே ஊரில், பெண் கறுப்பு என்று மாப்பிள்ளை வீட்டார் வேண்டாமென்றுவிட்டார்கள். திரும்பி வந்த அம்மா மகளைப் பார்த்துச் சலித்துக்கொள்கிறாள். கொலை அவ்வளவுதான். ரத்தம் வேறு காரணத்துக்காக ஏற்கெனவே கதையில் இருக்கிறது.

இந்தக் கதையில் கொடுமைக்காரர் யாரும் கிடையாது. இதை வாசிக்கிறவர்கள் பலர் அம்மா மீது கோபப்படுகிறார்கள். எனக்குப் படுவது வேறு. மாப்பிள்ளை வீட்டாரின் கண்ணை அம்மா ஊரிலிருந்து கையோடு கொண்டுவந்துவிடுகிறாள். கிளம்பும்போது மகளை மகளாகப் பார்த்தவள், திரும்பும்போது கல்யாணச் சந்தையில் நிறுத்தப்போகும் இன்னொரு கறுப்புப் பெண்ணாகப் பார்க்கிறாள். பார்வை தொற்றும், அதுவும் அன்பு வழியாகவே தொற்றும் என்பதை இவ்வளவு குறைந்த பக்கங்களில் சொன்ன கதை எனக்குத் தெரிந்து வேறில்லை. சேலைக் கடையில் ‘எடுக்காது’ என்று சொல்லும் சித்தியும் எங்கிருந்தோ அதைக் கொண்டுவந்தவள்தான்.

அமெரிக்காவில் 1970இல் வந்த டோனி மாரிசனின் ‘தி புளூயெஸ்ட் ஐ’ நாவலை இங்கே வைத்துப் பார்க்கலாம். பெகோலா என்ற கறுப்பினச் சிறுமி நீலக் கண் வேண்டும் என்று வேண்டுகிறாள். கடைசியில் கிடைத்துவிட்டது என்றே நம்புகிறாள். அதற்குள் புத்தி பேதலித்துவிட்டிருக்கிறது. யானை கேட்ட வரம் மனிதக் குழந்தைக்குக் கிடைத்தால் இப்படித்தான் முடியும் என்று அந்த நாவல் சொல்வதாக எனக்குத் தோன்றும். 2015இல் வெளிவந்த ஜூலி மர்ஃபியின் ‘டம்ப்ளின்’ அசல் இளையோர் நாவல். டெக்சாஸில் ஒரு சிறு ஊர். அழகிப் போட்டியை நடத்தும் முன்னாள் அழகிக்குக் குண்டான மகள். அவள் போய் அதே போட்டியில் பெயர் கொடுக்கிறாள். மகுடம் கிடைப்பதில்லை, எடையும் குறைவதில்லை. இந்த இரண்டையும் கொடுக்காமல் விட்டதுதான் அதன் தைரியம். இந்த வகையில் நூற்றுக்கு எண்பது கதைகள் கடைசி அத்தியாயத்தில் ஒரு பையனைக் கொண்டுவந்து ‘நீ அழகுதான்’ என்று சொல்லவைக்கின்றன. (எண்பது என்பது என் எரிச்சலின் அளவு.) அதுவும் வரம் கொடுக்கிற கதைதான், சிவன் இருந்த இடத்தில் பையன், அவ்வளவே.

நம் சினிமாவும் 2015இல் ஒரு கை பார்த்தது. ‘இஞ்சி இடுப்பழகி’க்காக அனுஷ்கா எடை கூட்டி நடித்தார். படத்தைவிட அந்த எடையைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். விளம்பர உலகில் நடந்தது இன்னும் வேடிக்கை. 1975 முதல் விற்ற ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 2020இல் ‘க்ளோ அண்ட் லவ்லி’ ஆனது, குழாய் அதேதான். சென்னையின் ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு 2009இலேயே ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ என்ற இயக்கத்தைத் தொடங்கிவிட்டிருந்தது. நல்ல காரியம்தான். கறுப்பும் அழகே என்று சொல்வதில் எனக்கு ஒரு சிறு தயக்கமும் உண்டு. அழகாக இருந்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனை அங்கேயும் அப்படியே நிற்கிறது. அம்மையார் அந்த நிபந்தனையைத்தான் கழற்றிப் போட்டார்.

தமிழ்ச் சிறார் எழுத்து அண்மையில் உடம்பைப் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கிறது. யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ குழந்தைகள் மீதான பாலியல் அத்துமீறலைக் கையில் எடுத்தது. 2020இன் பால சாகித்திய புரஸ்கார் அதற்குக் கிடைத்தது. காக்கப்பட வேண்டிய உடம்பு நம் கதைகளுக்குள் வந்துவிட்டது. பார்க்கப்படுகிற உடம்பு, அளக்கப்படுகிற உடம்பு, மஞ்சள் நீராட்டுக்கு ஃபிளெக்ஸ் பேனரில் வெளுப்பாக்கி அச்சடிக்கப்படுகிற உடம்பு இன்னும் வரவில்லை. அந்த பேனருக்குக் கீழே நின்றுகொண்டு, தன்னைவிட நாலு மடங்கு சிவந்த தன் முகத்தை அண்ணாந்து பார்க்கும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். கும்பகோணம் சாலையில் எந்த முகூர்த்த மாதத்திலும் அவளைக் காணலாம்.

அப்படி ஒரு நாவலை எழுத யாராவது உட்கார்ந்தால், பெரிய புராணமே அவர்களுக்கு ஒரு பாத்திரத்தை விட்டுவைத்திருக்கிறது. அந்த இரண்டாவது புனிதவதி. தன் பெயரைக் கொண்ட ஒரு பெண்ணின் காலில் அப்பா விழுவதையும், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க அந்தப் பெண் சதையை உதறியதையும், பக்கத்தில் நின்ற பெரியவர்கள் பயந்து விலகியதையும் கண்ட குழந்தை. சேக்கிழாருக்கு அதன்பின் அவள் தேவைப்படவில்லை. பாண்டிநாட்டுத் துறைமுகப்பட்டினத்தில் வணிகர் மகளாக அவள் பதினைந்து வயதை எட்டியிருப்பாள். அவளுக்கும் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருப்பார்கள். அப்பா தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் குரலில் ஒரு நடுக்கம் இருந்திருக்குமா, கண்ணாடி முன் உட்காரும்போது எந்தப் புனிதவதி அவள் நினைவுக்கு வந்திருப்பாள், அம்மா அந்த நாளைப் பற்றி வீட்டில் பேச விட்டிருப்பாளா என்றெல்லாம் நாவலாசிரியர்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவளுக்கு வரம் கொடுக்க யாரும் வரமாட்டார்கள் என்பதை மட்டும் முதல் அத்தியாயத்திலேயே முடிவுசெய்துகொள்வது நல்லது.